புள்ளி, கோடு, வட்டம், பெருக்கல்

1. ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, மராத்தி பேசும் நகரம் ஒன்றின் போபோடிப் பகுதியில், மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்தில் ஒரு கடிதம் தயாரானது. குழந்தைகளுக்குக் காது மிஷின் வழங்கும் ஓர் அறக்கட்டளைக்குப் போகவேண்டிய கடிதம். நான் அமைத்துக் கொடுத்த மென்பொருள் அதைச் சில விநாடிகளில் எழுதி முடித்தது.

2. ஜனனி என்ற நான்கு வயதுக் குழந்தைக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்பதில்லை. தந்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். தாய் வீட்டுவேலை செய்து வளர்க்கிறார். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்.

3. அன்று மாலை ஜனனியின் அம்மா செல்வி வந்து கடிதத்தை வாங்கிக்கொண்டு போனார். அது ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

4. திங்கட்கிழமை காலை ஓர் ஆள் ஜனனியைத் தோளில் தூக்கிக்கொண்டு அறக்கட்டளைக்குப் போய் அந்தக் கடிதத்தைக் கொடுத்தார்.

5. அதிகாரி படித்துவிட்டு, குழந்தைக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்.

6. அப்பா என்றார் வந்தவர்.

7. பொய்த் தகவல் என்று எழுதி ஜனனியின் கோப்பை மூடிவிட்டார்கள்.

எங்கள் அலுவலகத்தில் விவரம் சேகரித்த பெண் இந்த ஏழில் ஓரிடத்திலும் வரவில்லை. ஆனாலும் நான் எழுத உட்கார்ந்தது அவரைப் பற்றித்தான்.

அலுவலகத்தில் எல்லோரும் அவரைத் தாயி என்று கூப்பிட்டார்கள். முதல் நாள் எனக்கு விசித்திரமாக இருந்தது. முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, அதற்குள் ஊருக்கே தாயா என்று நினைத்தேன். மராத்தியில் தாயி என்றால் அக்கா என்று பிறகு தெரிந்தது. நான் தமிழிலேயே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவருக்கு அது பிடித்ததா என்று தெரியாது. தெரியாது என்று நான் எழுதுவதை அவர் பார்த்திருந்தால் அந்தச் சொல்லை அடித்திருப்பார். கேட்கவில்லை என்று எழுதியிருப்பார்.

அவருடைய ஒரே ஒரு பிடிவாதம் அது. ‘தெரியாது’ என்ற சொல்லை அவர் எளிதில் சொல்லமாட்டார். மேடம் இன்றைக்கு வருவாரா என்று கேட்டால் மற்றவர்கள் தெரியாது என்பார்கள். இவர் "கேக்கல" என்பார். மில் எப்போது நிற்கும்? "கேக்கல." எதிர்வீட்டில் ஏன் கூட்டம்? "கேக்கல."

ஒருமுறை எரிச்சலில் நான், "ரெண்டும் ஒண்ணுதானேக்கா?" என்றேன்.

"எப்டி ஒண்ணாவும்? தெரியாதுன்னா கேட்டுப் பாத்தும் தெர்லன்னு அர்த்தம். நான் வாயே தொறக்கல. அத சொல்லணும்ல?"

அவருடைய குடும்பம் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து, போபோடியை ஒட்டிய கட்கிக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. வீட்டில் பேசும் தமிழில் மராத்தியும் இந்தியும் அரிசியில் கல் மாதிரி இல்லை, பருப்பு மாதிரி வெந்து கிடக்கும். "அரே, டப்பா கொண்டாந்தியா?" என்பார். தமிழ் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். மராத்தியில் வேகமாக எழுதுவார்.

நான் நகரத்தின் மறுகோடியில், கராடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். விருப்பமுள்ளவர்கள் ஓராண்டுக்கு வாரம் ஒரு நாள் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்துக்கு உதவலாம் என்று அங்கே ஓர் ஏற்பாடு இருந்தது. நான் வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொண்டேன். ராம்வாடியில் மெட்ரோ ஏறி, சிவில் கோர்ட் நிலையத்தில் மாறி, போபோடியில் இறங்குவேன். அலுவலகம் என்பது இரண்டு அறை. கீழே மில் ஓடும்போது தரை லேசாக அதிரும். விசைப்பலகையின் இடுக்கில் எப்போதும் மாவு இருக்கும். நிறுவனத்தை நடத்திய மேடம் ஔந்தில் குடியிருந்த மராத்திக்காரர்; ஸ்கூட்டரில் வருவார், ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிடுவார்.

வேலை இதுதான்: காது கேட்காத, நடக்க முடியாத குழந்தைகளுக்கு எங்கெங்கே உதவி கிடைக்குமோ அங்கெல்லாம் கடிதம் எழுதுவது. ஒரு குழந்தைக்கு ஏழெட்டுக் கடிதம் தேவைப்படும். ஆஸ்பத்திரிக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, அறக்கட்டளை ஒவ்வொன்றுக்கும் ஒன்று. விவரம் ஒன்றேதான், ஒவ்வொரு இடத்துக்கும் வேறு மாதிரி சொல்ல வேண்டும். ஒருமுறை அட்டவணையில் விவரத்தை ஏற்றிவிட்டால் எல்லாக் கடிதங்களையும் தானாக எழுதித் தரும் மென்பொருளை நான் அமைத்தேன். மாதிரிக் கடிதத்தில் பெயர் வரவேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை, வயது வரவேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை. அட்டவணை அந்த ஓட்டைகளை நிரப்பும். தந்தை காலமாகியிருந்தால் ஒரு வாக்கியம், உயிரோடு இருந்தால் வேறு வாக்கியம் என்று அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

ஒரே நிபந்தனை. முக்கியமான கட்டங்கள் காலியாக இருக்கக்கூடாது. காலியாக இருந்தால் கடிதம் வராது.

அங்கேதான் எனக்கும் அக்காவுக்கும் இடித்தது. விவரம் சேகரிப்பது அவர் வேலை. வியாழக்கிழமைகளில் சேகரிப்பார். வியாழன் என்றால் அந்தப் பகுதியில் பராமரிப்புக்காகப் பாதி நாள் கரண்ட் போய்விடும். கணினி ஓடாது என்று மற்றவர்கள் அலுத்துக்கொள்ளும் அந்த நேரம்தான் அவருக்கு வேலைக்கு உகந்த நேரம், ஏனென்றால் மில்லும் ஓடாது. காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்வார். வெள்ளிக்கிழமை நான் வரும்போது என் மேஜையில் அந்தக் காகிதங்கள் இருக்கும். பாதிக் கட்டங்களில் பதில் இருக்கும். மீதியில் சின்னச் சின்னக் குறிகள்.

முதல் வாரமே அவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.

புள்ளி: நான் இன்னும் கேட்கவில்லை.
கோடு: கேட்டேன், அப்படி ஒன்று கிடையாது என்றார்கள்.
வட்டம்: கேட்டேன், அப்புறம் சொல்கிறேன் என்றார்கள்.
பெருக்கல்: கேட்டேன், சொல்ல விருப்பமில்லை. மறுபடி கேட்காதே.

எழுதி வைத்துக்கொண்டு, அட்டவணையில் நான்கையும் காலி என்றே ஏற்றினேன். ஒரு கட்டத்தில் எதுவும் இல்லை என்றால் இல்லை. ‘இல்லை’யில் நான்கு ரகம் வைத்துக்கொண்டு எந்த மென்பொருள் வேலை செய்யும் என்று அப்போது நினைத்தேன்.

அந்தக் குறிகள் அவருக்கு வெறும் அலுவலகக் குறிகள் இல்லை என்பது எனக்கு ஒரு மதியச் சாப்பாட்டின்போது தெரிந்தது. பழகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டேன். டப்பா மூடியில் ஊறுகாயை வழித்துக்கொண்டே, முகம் மாறாமல் சொன்னார்: "பெருக்கல் போட்டுக்கோ."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். மறுபடி கேட்கவில்லை.

இன்னொரு சம்பவம் ஜூன் முதல் தேதி நடந்தது. பட்டியலில் உள்ள எல்லோருக்கும் பிறந்தநாள் வாழ்த்து தானாகப் போகும்படி நான் ஏற்பாடு செய்திருந்தேன். யாரும் கேட்காமல் நானாகச் செய்த நல்ல காரியம். அன்று காலை மென்பொருள் வரிசையாக வாழ்த்துகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. குழந்தைகளின் தாத்தாக்கள், பாட்டிகள், அப்பாக்கள் என்று பட்டியலில் கணிசமான பேர் ஒரே நாளில் பிறந்திருந்தார்கள். இந்தப் பக்கத்தில் பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த தேதி தெரியாவிட்டால் வாத்தியார் ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவது வழக்கமாம். அக்காவுக்கும் வாழ்த்து போயிருந்தது.

போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "இன்னா இது?"

"ஹேப்பி பர்த்டேக்கா."

"எனக்கு இன்னிக்கி பர்த்டே கிடையாது."

"அப்ப என்னிக்கு?"

அவர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. "கேக்கல" என்றார் கடைசியில். "கேக்க ஆளு இருந்தப்போ கேக்கல." பிறகு வழக்கமான குரலில், "இந்த வாத்தியாருங்களுக்கு ஒரு புள்ளி வெக்கத் தெரிஞ்சிருந்தா போதும்" என்றார்.

வாழ்த்து அனுப்பும் ஏற்பாட்டை அன்றே நிறுத்தினேன். ஆனால் அதிலிருந்து வேறு எதையும் கற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. அடுத்த மாதம்தான் ஜனனியின் கடிதம்.

ஜனனியின் காகிதத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. அப்பா என்ற கட்டத்தில் மட்டும் வட்டம். சொந்த ஊரைவிட்டு வந்த காரணம் என்ற கட்டத்தில் பெருக்கல். இரண்டாவது கட்டம் இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை. முதலாவது இல்லாமல் கடிதம் வராது. அறக்கட்டளையின் முகாம் மறு சனிக்கிழமை. அன்று அளவெடுத்தால்தான் மிஷின். குழந்தைக்கு ஐந்து வயதாவதற்குள் பொருத்திவிட வேண்டும், பேச்சு வருகிற வயது தாண்டிக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் எழுதியிருந்தார். கடிதம் தயாரான அன்று அக்கா விடுப்பு. நானே செல்வியைப் போனில் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை, மில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஜனனியோட அப்பா இருக்காராங்க?"

"இல்லீங்க."

"எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு வருசம் ஆயிடுச்சுங்க."

"ரொம்ப வருத்தமா இருக்குங்க."

"என்னங்க பண்றது."

போனை வைத்தேன். ‘காலமானார்’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். கடிதம் வந்தது.

புதன்கிழமை நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போபோடிக்குப் போனபோது எல்லோரும் அறையில் இருந்தார்கள். மேடம், அக்கா, செல்வி, செல்வியின் மடியில் ஜனனி, கதவோரம் நான் காலமாக்கிய மனிதர். சென்ட்ரிங் வேலை செய்பவர். வீட்டில் ஏதோ சண்டை போட்டுக்கொண்டு இரண்டு ஆண்டுகளுக்கு முன் சொல்லாமல் கிளம்பியவர், நான் போன் செய்த மறுநாள் திரும்பி வந்திருக்கிறார். வந்த வேகத்தில் மகளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று கடிதத்தை மனைவியிடமிருந்து வாங்கிக்கொண்டு தானே போயிருக்கிறார்.

"நான் எப்பங்க செத்துட்டாருன்னு சொன்னேன்?" என்றார் செல்வி.

"இருக்காரான்னு கேட்டேன். இல்லன்னு சொன்னீங்க."

"இல்லன்னுதான் சொன்னேன். இல்லதானே இருந்தாரு!"

"உசுரோட இருக்கறப்பவே காரியம் பண்ணிட்டீங்களேம்மா" என்றார் அவர் கணவர். கோபமாகச் சொல்ல நினைத்து, பாதியில் சிரிப்பு வந்துவிட்டது.

செல்வி அவர் பக்கம் திரும்பினார். "நீ பேசாத. ரெண்டு வருசம் ஒரு போன் உண்டா? செத்தவங்களாச்சும் கனவுல வருவாங்க."

அவர் கதவு நிலையைப் பார்த்துக்கொண்டார்.

மேடம் நடந்ததை இந்தியில் கேட்டுத் தெரிந்துகொண்டு, சுருக்கமாக ஒரு வழி சொன்னார். தொழில்நுட்பக் கோளாறு என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடலாம். யார் மேலும் பழி வராது. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அந்தக் கடிதத்துக்கான மாதிரியை மனதுக்குள் அமைக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

"கோளாறு இல்ல மேடம்" என்றார் அக்கா, மராத்தியில். "அதுல போட்டத அது எழுதுச்சு. கோளாறுன்னு எழுதுனா, நாளைக்கு நாம குடுக்குற எந்த லெட்டர்ல எது கோளாறுன்னு அவங்களுக்கு எப்டித் தெரியும்?" பிறகு என்னிடம் தமிழில், "போன்ல பேசுனது யாரு?"

"நான்."

"அப்போ நீதான் எழுதணும். இன்னா கேட்ட, அவ இன்னா சொன்னா. அவ்ளோதான்."

எனக்குக் கோபம் வந்தது. "நான் கேட்டேன்க்கா. ஒண்ணுக்கு ரெண்டு கேள்வி கேட்டேன்."

"கேட்ட" என்றார். "ஆனா கேக்கல."

செல்வி சட்டென்று ஜனனியைப் பார்த்தார். அவருக்கு அந்தச் சொல் எப்போதும் ஜனனியின் காதைப் பற்றியதாகத்தான் இருந்திருக்கிறது. ஜனனி மேடத்தின் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி இறக்கி விளையாடிக்கொண்டிருந்தாள்.

நானும் விடவில்லை. மேஜையிலிருந்த காகிதத்தை எடுத்து வட்டத்தைக் காட்டினேன். "இங்க வட்டம் போட்டிருக்கீங்க. அப்ப உங்களுக்கு விஷயம் தெரியும்."

"தெரியும். வேற யார்கிட்டயோ ஒருவாட்டி போன்ல பேசுனாராம், வரேன்னு சொன்னாராம். வந்தா சொல்றேன்க்கா, இப்ப ஒண்ணும் எழுதாதீங்கன்னு செல்வி சொன்னா. எழுதல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீ கேக்கல."

அந்தப் பதில் அவருக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டிருக்க வேண்டும். அவரிடம் எனக்குப் பிடித்ததும் என்னைச் சங்கடப்படுத்தியதும் ஒரே குணம்தான். கேட்காததைச் சொல்லமாட்டார். சொல்லாததை எழுதமாட்டார். அடுத்தவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு குழந்தைக்குக் காது கிடைத்திருக்கும் என்ற இடத்திலும்.

நான் எழுதினேன். என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது, அதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன். இறந்துவிட்டார் என்று தாய் சொல்லவில்லை. அது நான் சேர்த்தது. கீழே என் பெயரைப் போட்டேன். என் நிறுவனத்தின் பெயர் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்து, யோசித்ததற்காக வெட்கப்பட்டேன். அக்கா காகிதத்தை வாங்கி ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். முடிந்ததும் பேனாவை எடுத்து, என் பெயருக்குக் கீழே மராத்தியில் ஒரு வரி எழுதினார்: ‘வட்டம் போட்டது நான். அதன் அர்த்தத்தை இவரிடம் விளக்கிச் சொல்லவில்லை.’ கையெழுத்துப் போட்டார்.

"இது வேணாம்க்கா. குறியெல்லாம் முதல் வாரமே சொல்லிட்டீங்களே."

"குறி சொன்னேன். இந்த வட்டத்த சொல்லல."

மதியம் நாங்கள் இருவரும் செல்வி குடும்பத்தோடு அறக்கட்டளைக்குப் போனோம். மழை. ஆட்டோவில் ஜனனி அப்பாவின் மடியில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தாள். அதிகாரி மராத்திக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிப்பவர். கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு என்னிடம் இந்தியில், "எங்க பாஷையிலயும் ‘இல்லை’ன்னா ரெண்டு அர்த்தம்தாம்மா. அதனாலதான் நாங்க மூணாவதா ஒரு கேள்வி கேப்போம்" என்றார். அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

அக்கா காகிதத்தை அவர் முன் வைத்து நான்கு குறிகளையும் விளக்கினார். அவர் பெருக்கல் குறியில் விரலை வைத்தார். "ஊரைவிட்டு வந்த காரணம். இது என்ன?"

"அதக் கேக்கக்கூடாது" என்றார் அக்கா.

அதிகாரி விரலை எடுத்துக்கொண்டார். பொய்த் தகவல் என்று எழுதியிருந்ததன் மேல் கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். கோப்பு திறந்தது. ஆனால் சனிக்கிழமை முகாமுக்கான பட்டியல் முந்தின நாளே போய்விட்டது. அடுத்த முகாம் தீபாவளிக்குப் பிறகு.

"நாலு மாசம்" என்றார் செல்வி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. திரும்பும் ஆட்டோவில் ஜனனி மழைத்தண்ணீரைக் கையில் பிடித்துப் பிடித்து அப்பாவின் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகள் மென்பொருளை மாற்றியமைத்தேன். காலி என்பதை எடுத்துவிட்டேன். பதில் இல்லையென்றால் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வட்டம் இருந்தால் கடிதம் வராது. மறுபடி எப்போது கேட்க வேண்டும் என்று தேதி கேட்கும். பெருக்கல் இருந்தால் அந்த வாக்கியமே இல்லாமல் கடிதம் வரும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. அக்காவை உட்காரவைத்து ஒரு நாள் முழுக்கப் பழகச் சொன்னேன். ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். மாலையில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"அஞ்சாவது ஒண்ணு வோணும்."

"என்ன அஞ்சாவது?"

"கேட்டேன். சொன்னாங்க. எனக்குப் புரியல."

"உங்க காகிதத்துல அப்படி ஒரு குறி இல்லையேக்கா."

"காயிதத்துல எதுக்கு? நான் புரியற வரைக்கும் போன வெக்கமாட்டேன்." என்னைப் பார்த்தார். "உங்களுக்கு வோணும்."

சேர்த்தேன். சேர்த்த பிறகு, ஒரு வியாழக்கிழமை அவர் எப்படித்தான் போன் பேசுகிறார் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. என் நிறுவனத்தில் அனுமதி கேட்டு வந்தேன். கரண்ட் இல்லை, மில் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, போன் இல்லாத காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தார். மில் ஓடாத நாளிலும் மூடிக்கொள்வார் போலிருக்கிறது. ஒரு கேள்வி கேட்டார். பிறகு ஒன்றும் பேசவில்லை. பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. கெடிகாரத்தைப் பார்த்தேன், முக்கால் நிமிடம். நானாக இருந்தால் அதற்குள் மூன்று கேள்வி கேட்டு, மூன்றுக்கும் பதிலையும் நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். மறுமுனையில் யாரோ பேச ஆரம்பித்தார்கள். அவர் "ம்" என்றார். நிறைய நேரம் "ம்" மட்டும். கடைசியில் எழுதியது ஒரே ஒரு சொல்.

தீபாவளி கழித்து ஜனனிக்கு அளவெடுத்தார்கள், மிஷின் வந்தது, பொருத்தினார்கள். அவளுக்கு ஐந்து வயதாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பொருத்திய வாரம் செல்வியும் கணவரும் அவளை அலுவலகத்துக்கு அழைத்து வந்தார்கள். பேடா இனிப்புப் பெட்டியோடு வந்தார்கள். படி ஏறி அறைக்குள் வந்தவள், கீழே மில் ஓட ஆரம்பித்ததும் வீறிட்டு அழுது, மிஷினைக் காதிலிருந்து பிடுங்கி மேடத்தின் ஹெல்மெட்டுக்குள் போட்டுவிட்டாள். மேடம் ஒரு கையில் பேடாவோடு மறு கையால் ஹெல்மெட்டைத் துழாவினார். அக்கா மட்டும் ஜனனியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையின் சத்தத்தை முதல்முறையாக ஒருவர் சரியாக மதிப்பிட்டுவிட்டார் என்பதுபோல ஒரு பார்வை.

அறக்கட்டளை கேட்டிருந்த படிவத்தில் கடைசிக் கட்டம்: ‘குழந்தைக்குத் திருப்தியா?’ அன்று மாலை அக்கா அதை நிரப்புவதை எட்டிப் பார்த்தேன். ஆமாம் என்று போடுவாரா, இல்லை என்று போடுவாரா?

வட்டம் போட்டார்.

"அப்றம் சொல்லுவா" என்றார்.

என் ஓராண்டு அந்த மார்ச்சில் முடிந்தது. அதன் பிறகும் மென்பொருளில் ஏதாவது சிக்கல் என்றால் மேடம் கூப்பிடுவார். ஒருமுறை பணியாளர் பட்டியலைச் சரிபார்க்கும்போது அக்காவின் பெயருக்கு நேரே ‘விலகினார்’ என்று இருந்ததைப் பார்த்தேன். மேடத்திடம் கேட்டேன். வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்திருக்கலாம் என்றார். அடுத்த வாக்கியத்திலேயே, வீட்டில் ஏதாவது இருக்கலாம் என்றார். இரண்டும் ‘லாம்’. எனக்கு மூன்றாவதாக ஒரு ‘லாம்’ உண்டு: கடிதங்கள் தானாக வர ஆரம்பித்த பிறகு, அக்கா காத்திருந்து காத்திருந்து போன் பேசும் அந்த வியாழக்கிழமைகள் மேடத்துக்குத் தேவைக்கு மேல் நீளமாகத் தோன்றியிருக்கலாம். அப்படியென்றால் அதில் என் பங்கும் இருக்கிறது.

இப்போதைய நிலவரம் இது. ஜனனி ஒன்றாம் வகுப்பில் படிக்கிறாள். மிஷினைப் பிடுங்குவதில்லை. தமிழும் மராத்தியும் கலந்து பேசுகிறாள், சில எழுத்துகள் இன்னும் வரவில்லை. அவள் அப்பா போபோடியிலேயே இருக்கிறார். அவள் கோப்பில் திருப்திக்கான கட்டத்தில் வட்டம் அப்படியே இருக்கிறது. அந்த அலுவலகம் இன்னும் அதே மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறது. ஐந்து குறிகளும் இருக்கின்றன; ஐந்தாவதைத்தான் புதிதாக வருபவர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கிறார்களாம். அக்காவின் போன் எண் என்னிடம் இருக்கிறது, மாறவில்லை. பணியாளர் பட்டியலில், விலகிய காரணம் என்ற கட்டத்தில் மேடம் எதுவும் எழுதாததால் மென்பொருள் என்னை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. புள்ளி வைத்தேன். இன்றுவரை அது புள்ளியாகவே இருக்கிறது.